தேடுபெட்டிக்கு அகப்படாத தமிழர்கள்: சிங்கப்பூரின் பழைய நாளிதழ்த் தளம் பற்றி ஒரு மதிப்புரை

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிங்கப்பூரில் தமிழர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறியும் ஆசையில், தேசிய நூலக வாரியத்தின் ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’ தளத்தை முதல்முறை திறந்தபோது, தேடுபெட்டியில் ஆங்கிலத்தில் ‘தமிழர்’ என்று தட்டிவிட்டு, வந்து விழுந்த சொற்பமான முடிவுகளைப் பார்த்து நான் சோர்ந்துபோனேன். நகரின் நடுவே கோவிலும் பள்ளிவாசலும் எழுப்பி, துறைமுகத்தில் மூட்டை சுமந்து, மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்திய ஒரு சமூகத்துக்கு நாளிதழில் கிடைத்த இடம் இவ்வளவுதானா என்று தோன்றியது. இரண்டு வார இறுதிகளை இப்படி வீணாக்கிய பிறகுதான் குற்றம் தளத்தினுடையது அல்ல, என்னுடையது என்பது விளங்கியது. அக்கால ஆங்கில ஏடுகள் நம்மைப் பெரும்பாலும் தமிழர் என்று எழுதவில்லை. ‘கிளிங்’ என்று எழுதின. கலிங்கத்தின் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் மலாய்ச் சொல்லான ‘கெலிங்’தான் ஆங்கிலேயர் நாவில் அப்படித் திரிந்தது. இன்று காதில் விழுந்தாலே முகம் சுளிக்க வைக்கும் அந்தச் சொல்லைத் தட்டிய மறுகணம், நூற்றுக்கணக்கான செய்திகள் திரையில் கொட்டின.

இந்தத் தளத்தைப் பற்றி நான் சொல்ல விரும்புவதன் சாரம் இந்த அனுபவத்திலேயே இருக்கிறது. ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் வரலாற்றைத் தேடி ஒரு நகரத்தின் பழைய நாளிதழ்களுக்குள் நுழைகிறவர், அந்த நகரம் அவர்களை எந்தப் பெயரால் அழைத்தது என்பதை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். தமிழ் முஸ்லிம் வணிகர்களுக்குச் ‘சூலியா’, நகரத்தாருக்குச் ‘சிட்டி’ அல்லது ‘செட்டி’, சீக்கியர் உட்பட வடக்கிலிருந்து வந்தவர்களுக்குப் பொத்தாம்பொதுவாகப் ‘பெங்காலி’ என்று தனித்தனிப் பட்டங்கள் வழங்கின. கிளிங் ஸ்திரீட் என்று பெயர் பெற்றிருந்த தெரு 1920களில் சூலியா ஸ்திரீட் ஆனதையும் இந்தத் தளத்தில் பின்தொடரலாம். ஒரு பட்டப்பெயர் வழக்கிலிருந்து மெல்ல விலகுவதை ஆண்டு ஆண்டாகக் கண்ணால் காண்பது வேறு எந்த ஆவணத்திலும் எளிதாக வாய்க்காது.

சேவை இலவசம். வீட்டிலிருந்தே, கணக்கு எதுவும் தொடங்காமல், பெரும்பகுதியைப் படிக்க முடிகிறது. 1845 ஜூலை 15ஆம் நாள் வெளிவரத் தொடங்கிய ‘தி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’, அதற்குப் பத்து ஆண்டுகள் மூத்த ‘சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ்’, 1914இல் தொடங்கிய ‘மலாயா டிரிபியூன்’, ஜப்பானியர் ஆட்சிக்கால ஏடு, சீன மலாய் நாளிதழ்கள், அவற்றோடு நமக்கு மிகவும் வேண்டிய ‘சிங்கை நேசன்’, ‘தமிழ் முரசு’ ஆகியவை ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. கட்டணம் கேட்கும் தனியார் ஆவணத் தளம் ஒன்றில் ஓர் ஆண்டுச் சந்தா கட்டி, ஆறு மாதம்கூடப் பயன்படுத்தாமல் விட்ட எனக்கு, இதன் அருமை கூடுதலாகவே தெரிகிறது.

ஒரு சிறிய விலகல். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் என்னும் அந்த ஆங்கில ஏட்டைத் தொடங்கியவரே ஒரு சிறுபான்மையர்தான். கட்சிக் மோசஸ் என்னும் ஆர்மீனிய வணிகர், நொடித்துப்போன நண்பர் ஒருவரின் அச்சு இயந்திரத்தை ஏற்றுக்கொண்டு அதை ஆரம்பித்தார்; முதல் ஆசிரியர் ராபர்ட் கார் உட்ஸ். எண்ணிக்கையில் மிகச் சிறியதாக இருந்த ஆர்மீனியச் சமூகம் அந்த ஏட்டின் விளம்பரங்களிலும் ஏல அறிவிப்புகளிலும் இரங்கல் குறிப்புகளிலும் பெயர் பெயராகத் தெரிகிறது; எண்ணிக்கையில் பல மடங்கு பெரிய தமிழ்ச் சமூகமோ அதே பக்கங்களில் பெயரற்ற கூட்டமாகத் தெரிகிறது. நாளிதழில் ஒரு சமூகம் பெறும் இடத்துக்கும் அதன் தலைக்கணக்குக்கும் தொடர்பில்லை என்பதை இந்த ஓர் ஒப்பீடே காட்டிவிடும்.

தேடும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பயன் முழுவதும் அதில்தான் இருக்கிறது. தமிழ்ப் பெயர்களை ஆங்கில அச்சுக்கோப்பவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். முனுசாமி என்ற ஒருவர் வழக்கின் முதல் நாளில் இரண்டு ‘ஓ’ போட்ட மூனுசாமியாகவும், மறுநாள் ‘யு’ போட்ட முனிசாமியாகவும், தீர்ப்பு நாளில் வெறும் சாமியாகவும் வருவார். மூவரும் ஒருவரே என்பதை வழக்கின் விவரத்தை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். 1819இல், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராபிள்ஸுடன் வந்து, செங்கல் சூளை வைத்து, 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோவிலுக்கு அடியிட்ட நாராயண பிள்ளையின் பெயருக்கே எத்தனை எழுத்துக்கூட்டல்கள்! ‘பிள்ளை’ என்பதன் கடைசி எழுத்து ‘ஒய்’ ஆகவும் ‘ஐ’ ஆகவும் மாறி மாறி வரும். எனவே ஒரு பெயரை ஒரு வடிவில் மட்டும் தேடிவிட்டு, ‘இல்லை’ என்று மூடிவிடக் கூடாது. நகரத்தாரைத் தேடுகிறவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. பெயரைவிட விலாசம் உறுதியானது. கடையின் முன்னெழுத்துகளான அந்த விலாசம் நீதிமன்றச் செய்திகளிலும் பத்திர அறிவிப்புகளிலும் பெரும்பாலும் மாறாமல் வரும். விலாசத்தைப் பிடித்துக்கொண்டால் ஒரு கிட்டங்கியின் கணக்கு எந்த முகவரிடமிருந்து எந்த முகவருக்குக் கைமாறியது என்பதுவரை போகலாம்.

முடிவுகளை ஏட்டின் பெயராலும் காலத்தாலும் செய்தி வகையாலும் வடிகட்டும் வசதி இருக்கிறது. பலர் ‘கட்டுரை’ வகையை மட்டும் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் எதிர்மாறாக, விளம்பரங்களையும் வாசகர் கடிதங்களையும் முதலில் பார்க்கச் சொல்வேன். செய்தியை எழுதியவர் வெளியாள். விளம்பரத்துக்குக் காசு கொடுத்தவர் நம்மவர். ஒரு நகைக்கடை எந்தத் தெருவில் எந்த ஆண்டு இருந்தது, ஒரு கூட்டு வணிகம் எப்போது பிரிந்தது, ‘இன்னார் இனி எங்கள் முகவர் அல்ல’ என்று யார் யாரைக் கைகழுவினார் என்பதெல்லாம் பக்கத்தின் ஓரத்தில், சிறிய எழுத்தில்தான் கிடக்கின்றன.

ஆங்கில ஏடுகளின் வழியே தெரியும் தமிழர் பெரும்பாலும் நான்கு இடங்களில் நிற்கிறார்: நீதிமன்றக் கூண்டில், காவல் நிலையத்தில், துறைமுகத்தில், திருவிழாவில். தீமிதியும் தைப்பூசமும் ஆண்டுதோறும் வேடிக்கைக் காட்சியாக வருணிக்கப்படும். பூக்குழியின் நீளத்தையும் காவடியில் குத்திய வேல்களின் எண்ணிக்கையையும் எழுதும் நிருபர், நேர்ந்துகொண்டவர் யார், எதற்காக என்று கேட்பது அரிது. ஆனால் இந்த வேற்றுக்கண்ணைக் குறை சொல்லிவிட்டு ஒதுக்கிவிடுவது அவசரமாகும். நீதிமன்றச் செய்திகளில் சாட்சியம் இருக்கிறது. ஒரு திருட்டு வழக்கில் சாட்சி சொல்லும் மாட்டுவண்டிக்காரர் தாம் எங்கே படுத்துறங்கினார், எத்தனை பேருடன் அறையைப் பகிர்ந்தார், நாள்கூலி எவ்வளவு, சீட்டுப் பணம் யாரிடம் இருந்தது என்று சொல்லிக்கொண்டே போவார். நீதிபதிக்கு அது வழக்கோடு ஒட்டிய சில்லறை விவரம். நமக்கு அதுவே வரலாறு. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தொழிலாளியின் வாய்மொழி, இரண்டு மொழிபெயர்ப்புகளைக் கடந்தாவது, அச்சில் ஏறிய இடம் இது ஒன்றுதான் என்று சில சமயம் நினைக்கத் தோன்றும்.

இனி தமிழ் ஏடுகளுக்கு வருகிறேன். 1887 ஜூன் 27, திங்கட்கிழமை. விக்டோரியா மகாராணியின் பொன்விழாவை ஒட்டி மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ வார இதழை வெளியிட்டார். 1890 வரையிலான இதழ்கள் தளத்தில் உள்ளன. தமிழ்க் கணக்கில் அது சர்வசித்து ஆண்டு ஆனி மாதம். அறுபதாண்டுச் சுழற்சி தெரியாதவர் அக்கால ஏடுகளில் தேதிகளோடு தடுமாறுவார் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். அதற்கு முன்பும், 1870களில், சிங்கப்பூரில் தமிழ் இதழ்கள் தோன்றியிருக்கின்றன. ஆயினும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் படிக்க இன்று நமக்கு வாய்ப்பது சிங்கை நேசன்தான். தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்திய ஏடு, இந்து வாசகர்களையும் சேர்த்து அழைத்து, பினாங்கு முதல் தமிழகக் கடற்கரை வரையிலான ஓர் உலகத்தை எட்டுவதற்கு முயன்றதை அதன் பக்கங்களில் உணரலாம். சிங்கப்பூர்த் தமிழ் இதழியல் தமிழ் முரசோடு தொடங்கியதாக நினைத்திருந்த எனக்கு, அரை நூற்றாண்டு பின்னால் இழுத்துச் சென்ற ஏடு இது.

அதைப் படிப்பது எளிதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொற்கள் சந்தி பிரியாமல் நீண்டு ஓடும். நிறுத்தக்குறிகள் மிகக் குறைவு. ‘மேற்படி’ என்பதற்கும் ஆண்டு, மாதம், தேதி என்பவற்றுக்கும் சுருக்கக் குறியீடுகள் வரும். ‘னை’, ‘லை’, ‘ணை’ எல்லாம் தும்பிக்கை தூக்கிய பழைய வடிவத்தில் இருக்கும்; ‘றா’, ‘னா’, ‘ணா’ ஆகியவை காலைத் தனியே நீட்டாமல் உடம்போடு சுருட்டிக்கொண்டிருக்கும். எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் பள்ளிக்குச் சென்ற தலைமுறைக்கு முதல் அரைமணி நேரம் இது வேறு மொழிபோலத் தெரியும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், தேய்ந்துபோன அச்செழுத்தில் புள்ளி விழாத மெய்யும் உயிர்மெய்யும் வேறுபாடின்றிக் கிடப்பதைக் காணலாம். ‘பட்டணம்’ என்பது ‘படடணம்’ என்று நிற்கும், வாசிக்கிறவர்தான் புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். மனிதக் கண்ணுக்கே இப்படியென்றால், படத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் மென்பொருள் இத்தகைய அச்சைப் பார்த்துத் திணறுவதில் வியப்பில்லை. ஆங்கிலத்துக்கும் இந்தக் குறை உண்டு. மை கசிந்த இடத்தில் ‘ஹெச்’ எழுத்து ‘பி’ ஆகும். அடுத்தடுத்து நிற்கும் ‘ஆர்’, ‘என்’ இரண்டும் சேர்ந்து ‘எம்’ ஆகும். ஆகவே பழைய நாளிதழ் எதிலும், எந்த நாட்டின் தளமாக இருந்தாலும், தேடல் முடிவு காட்டாதது அச்சில் இல்லாதது என்று பொருள் கொள்ளலாகாது. தமிழ் ஏடுகளைப் பொறுத்தவரை என் பரிந்துரை நேரடியானது: தேடுபெட்டியை மறந்துவிட்டு, ஏட்டின் பெயரைத் தேர்ந்தெடுத்து, ஆண்டு, மாதம், நாள் என்று இறங்கி, பக்கங்களை வரிசையாகப் புரட்டுங்கள். ஒரு மாத இதழ்களைப் புரட்டி முடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். தேடிப் போன விஷயம் கிடைக்காவிட்டாலும் தேடாத பத்து விஷயங்கள் கிடைக்கும்.

‘தமிழ் முரசு’ வேறு வகையான செல்வம். 1935 ஜூலை 6ஆம் நாள், தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் குரலாகக் கோ. சாரங்கபாணி அதைத் தொடங்கினார். வார ஏடாகப் பிறந்து 1937 இறுதியில் நாளிதழானது. இன்றுவரை வெளிவருகிறது என்பதால், ஒரு சிறுபான்மைச் சமூகம் தன்னைப் பற்றித் தன் மொழியில் எழுதிக்கொண்ட நெடிய தொடராக அதைப் படிக்கலாம். முரசின் மாணவர் பகுதியான மாணவர் மணிமன்றத்தில் எழுதிப் பழகிய பிள்ளைகள் பின்னர் எழுத்தாளர்களாக வளர்ந்ததையும், 1952இல் தமிழர் திருநாள் தொடங்கியதையும், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்டுத் ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்குத் தோட்டத் தொழிலாளி முதல் கடைக்காரர் வரை கொடுத்ததையும், குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளுங்கள் என்று ஏடு வற்புறுத்தியதையும் நாள்வாரியாகப் பார்க்கலாம். நன்கொடைப் பட்டியல்களை அலுப்பூட்டும் பகுதி என்று யாரும் தாண்டிச் செல்ல வேண்டாம். பெயர், ஊர், வேலையிடம், தொகை என்று அச்சான அத்தகைய பட்டியல், அரசாங்கக் கணக்கெடுப்பில் வெறும் எண்ணாக இருந்தவர்களைப் பெயரோடு நிறுத்துகிறது.

இந்தத் தளத்தின் உண்மையான வலிமை ஆங்கில ஏட்டையும் தமிழ் ஏட்டையும் ஒரே நாளுக்கு அருகருகே திறந்துவைக்க முடிவதில்தான் இருக்கிறது. 1954 டிசம்பரில் பெரியார் இரண்டாம் முறை மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். முதல் வருகை 1929 டிசம்பரில் தொடங்கியது. முதல் வருகையின்போது முரசு பிறக்கவில்லை. இரண்டாம் வருகையின்போது முரசுக்கு வயது பத்தொன்பது. ஆக முதல் வருகையைச் சிங்கப்பூரின் ஆங்கில நாளிதழ்களின் வழியாகப் பார்க்கிறவர், இரண்டாவதைச் சீர்திருத்த இயக்கத்தின் சொந்த ஏட்டின் வழியாகவும் பார்க்க முடிகிறது. ஒரே மனிதர், ஒரே ஊர், இடையில் கால் நூற்றாண்டு. பார்க்கும் கண் இடம் மாறியிருக்கிறது. இன்னொரு எடுத்துக்காட்டு 1941 ஏப்ரல், மே மாதங்களில் மலாயாவின் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி வேண்டும், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பவை கோரிக்கைகளில் அடக்கம். முன்னின்றவர்களில் ஒருவரான ஆர். எச். நாதன் கோலாலம்பூர்த் ‘தமிழ் நேசன்’ ஏட்டில் பணியாற்றியவர். அவர் கைதாகி நாடுகடத்தப்பட்டார். இந்தச் செய்தியை ஆங்கில ஏடுகளில் தொடர்ந்து வாசிக்கும்போது, யார் கொடுத்த தகவல், யாருடைய பெயர் விடுபட்டது, ‘அமைதி திரும்பியது’ என்ற தொடர் எந்த நாளில் நுழைந்தது என்று கவனிக்கப் பழகுவது எந்த ஆய்வுப் பாடத்தைவிடவும் பயன் தருவதாக எனக்குப் பட்டது.

இடையில் நிற்கும் ஏடு ‘மலாயா டிரிபியூன்’. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பத்துக் காசுக்கு விற்றபோது ஐந்து காசுக்கு விற்று, ஆங்கிலம் படித்த ஆசியர்களுக்காக வந்த ஏடு அது. இலங்கைத் தமிழர், யுரேசியர், மலையாளிகள் ஆகியோரின் சங்கக் கூட்டங்கள், விளையாட்டுப் போட்டிகள், பிரிவுபசாரங்கள் ஆகியவற்றை அங்கே தேடலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்து பின்னாளில் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரான எஸ். ராஜரத்தினமும் அந்த ஏட்டில் பணியாற்றியவரே. ஆங்கிலம் படித்த இலங்கைத் தமிழர்களின் வரலாற்றைத் தமிழ் முரசில் மட்டும் தேடுகிறவர் பாதியை இழப்பார்.

தளத்தின் பக்கங்கள் சொல்லாமல் விடுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சிக் காலத்துக்கு நமக்குக் கிடைக்கும் ஆங்கில ஏடு ஆட்சியாளர்களின் ஏடு. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் கேத்தே அரங்கில் இந்தியச் சுதந்திர லீக்கின் தலைமையை ஏற்றதும், அக்டோபர் 21இல் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்ததும் அதில் முழக்கமாக இருக்கும். அதே காலத்தில் சயாம் மரண ரயில்பாதைக்கு அள்ளிச்செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களின் பாடு அதில் இருக்காது. 1915 பிப்ரவரி 15இல் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்து, பின்னர் 47 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட நிகழ்வும் போர்க்காலத் தணிக்கைக்கு உட்பட்ட ஏடுகளின் வழியாகவே நமக்கு வருகிறது. நம்முடைய சொந்த ஏடும் எல்லாரையும் சமமாகப் பார்த்ததென்று சொல்ல முடியாது. சீர்திருத்தக் கண்ணோட்டத்தில் எழுதிய முரசுக்குச் சடங்குகள் திருத்தப்பட வேண்டியவை. அவற்றைச் செய்தவர்களின் நியாயம் அதில் அரிதாகவே குரல் பெறும். பெண்கள் திருமணச் செய்திகளிலும் இரங்கல் அறிவிப்புகளிலும் ‘இன்னாரின் மனைவி’யாக வருகிறார்கள். துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் செம்பவாங் கடற்படைத்தளக் குடியிருப்புகளிலும் வாழ்ந்தவர்களைத் தேட, செய்திகளைவிடச் சங்க அறிவிப்புகளும் காற்பந்து முடிவுகளும் உதவுகின்றன என்பது என் அனுபவம்.

பயன்பாட்டுக் குறிப்புகள் சில. பதிப்புரிமை காரணமாகப் பிற்கால இதழ்களில் சில நூலக வளாகத்துக் கணினிகளில் மட்டுமே முழுமையாகத் திறக்கும். அதற்கு விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே பதினொன்றாம் தளத்தில் நுண்படச் சுருள்களையும் பார்க்கலாம். திரையில் மங்கலாகத் தெரியும் பக்கத்துக்கு ஒருமுறை சுருளையும் சுழற்றிப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு செய்திக்கும் ஏடு, தேதி, பக்க எண் மூன்றையும் உடனே எழுதிக்கொள்ளுங்கள். செய்தியை மட்டும் நறுக்கிச் சேமிக்காமல் முழுப் பக்கத்தையும் பாருங்கள். ஒரு கூலித் தகராற்றுச் செய்தி ரப்பர் விலைப் பட்டியலுக்கு அருகில் அச்சாகியிருந்தால், அந்த அண்மையே ஒரு விளக்கம்.

ஒப்பிட்டுச் சொல்வதானால், ஈழத்து இதழ்களைத் தன்னார்வலர்களின் உழைப்பால் திரட்டிவரும் ‘நூலகம்’ தளம் வேறு வகையில் நம் நன்றிக்குரியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம் மின்வடிவில் சேமிப்பதன் அவசரத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லாமல் அறிந்திருக்கிறது. அங்கே தமிழ் ஏடுகளின் விரிவு அதிகம். சிங்கப்பூர்த் தளத்தின் தனிச்சிறப்போ, ஆளும் மொழியின் ஏடும் ஆளப்பட்டவர்களின் ஏடும் ஒரே இடத்தில், ஒரே தேதியமைப்பில் கிடைப்பது. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு புலம்பெயர்ந்த தமிழர் வரலாறு எழுதுகிறவர்களுக்கும், பள்ளியில் குடும்ப வரலாற்றுப் பணி செய்யும் மாணவர்களுக்கும், கோவில் மலர் தயாரிக்கும் நிர்வாகக் குழுக்களுக்கும் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். கோவில் மலர்களில் ஒன்றிலிருந்து ஒன்றாக நகலெடுக்கப்படும் ஆண்டுகளைச் சரிபார்க்கவாவது ஒருமுறை இதைத் திறந்து பார்த்தால் நல்லது. ஐந்து நிமிடத்தில் விடை வேண்டும் என்கிறவர்களுக்கு மட்டும் இது ஏற்றதல்ல.

கடைசியாக, என் சொந்தத் தேடல் ஒன்று. என் தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். எந்த ஆண்டு என்று கேட்டால், “ராசாவுக்கு முடிசூட்டுன சமயம், ஊரெல்லாம் விளக்குப் போட்டிருந்தான்” என்பார். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா 1937 மே 12. தளத்தில் அந்த ஏப்ரல், மே மாதங்களின் கப்பல் வருகைப் பத்திகளை நாள் நாளாகப் புரட்டினேன். கீழ்த்தட்டுப் பயணிகளைச் செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் வைத்த பிறகே ஊருக்குள் விட்டார்கள் என்பதால், அவர் விளக்குகளைக் கண்ட நாளுக்கும் கப்பல் நங்கூரமிட்ட நாளுக்கும் இடைவெளி இருக்கும் என்றும் கணக்கிட்டேன். வாய்ப்புள்ள வருகைகளை ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குள் அடக்க முடிந்தது. அத்தகைய வருகைப் பட்டியல்களில் அறை எடுத்துப் பயணம் செய்த துரைமாரின் பெயர்களும் அவர்களுடைய மனைவிமாரின் வருகையும் வரிசையாக அச்சாகியிருக்கும். கீழே, ‘மற்றும் டெக் பயணிகள்’ என்று ஓர் எண் இருக்கும். தாத்தா அந்த எண்ணுக்குள் இருக்கிறார். எந்த நாளின் எண்ணுக்குள் என்பதைத்தான் இன்னும் பிடிக்க வேண்டியிருக்கிறது.